தெருவும் சேரியும் குரலும்: 'தெருக்குரல்' இசைத்தொகுப்பை உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பின்புலத்தில் வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

2019ஆம் ஆண்டில் பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் இணைந்து வெளியிட்ட 'தெருக்குரல்' என்னும் ஹிப் ஹாப் இசைத்தொகுப்பை இக்கட்டுரை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. தொண்டை மண்டலத்தின் வடபகுதியாகிய அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு குரலை, அதே மண்டலத்தின் உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டில் கல்லில் பொறிக்கப்பட்ட சபை விதிகளோடு எதிர் வைத்து வாசிப்பதன் வழியாக, பொதுவெளியில் பேசும் தகுதி எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்பது ஆராயப்படுகிறது. தொகுப்பின் தலைப்பு, மூன்று பாடல்களின் பொருண்மை, ராப்பின் ஓசையமைப்பு ஆகியவை தொல்காப்பியச் செய்யுளியல் கருத்தாக்கங்களான அங்கதம், வண்ணம் ஆகியவற்றோடும் புறத்திணை மரபின் கையறுநிலையோடும் பொருத்திப் பார்க்கப்படுகின்றன. தமிழ் ராப்பை இறக்குமதி வடிவமாக மட்டும் காண்பதும், பழைய மரபின் நேர்த் தொடர்ச்சியாக மட்டும் காண்பதும் போதாமை உடையவை என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: தெருக்குரல், ராப், உத்திரமேரூர், சேரி, அங்கதம், கையறுநிலை, வண்ணம், கட்டியங்காரன், பஞ்சமி நிலம்.

1. முன்னுரை

தமிழ் இலக்கிய ஆய்வில் இசைப்பாடல் நீண்ட காலம் விளிம்பில் வைக்கப்பட்ட ஒன்றாகும். நாட்டார் பாடல்கள் தொகுப்பு நிலையைக் கடந்து ஆய்வுத் தகுதி பெறவே பல பத்தாண்டுகள் ஆயின. திரைப்பாடல் அதன் பின்னரே பல்கலைக்கழக வாயிலைக் கடந்தது. நாட்டாருக்கும் திரைக்கும் வெளியே, தனித்த ஒலித்தொகுப்பாக வெளிவரும் ராப் பாடல் இன்னும் முறையான வாசிப்பைப் பெறவில்லை. அது 'இளைஞர் பண்பாடு' என்னும் சமூகவியல் தலைப்பின்கீழ்க் குறிப்பிடப்பட்டு, பனுவலாக வாசிக்கப்படாமலேயே கடந்து செல்லப்படுகிறது.

'தெருக்குரல்' இப்போக்கை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் தொகுப்பு. சாதி, அரசு வன்முறை, நடுத்தர வர்க்கத்தின் மௌனம் ஆகியவற்றை நேர்ப்பொருளாகக் கொண்ட இத்தொகுப்பு ஒரு கூட்டுப் படைப்பு. சொல் அறிவினுடையது, ஒலி ஆஃப்ரோவினுடையது. இரண்டையும் பிரித்து வாசிக்க இயலாது என்பது இவ்வடிவத்தின் இயல்பு.

அறிவின் ஊராகிய அரக்கோணம் காஞ்சிபுரத்திற்கு வடக்கே உள்ளது. உத்திரமேரூர் தெற்கே உள்ளது. நெசவும் ஏரிப்பாசனமும் தெருக்கூத்தும் பாரத விழாவும் இவ்விரு ஊர்களையும் ஒரே பண்பாட்டு நிலப்பரப்பாக இணைக்கின்றன. ஆயினும் உத்திரமேரூர் அறியப்படுவது கல்வெட்டால். குடவோலை முறை இந்திய மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. 2020 டிசம்பர் 10இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் அக்கல்வெட்டைக் குறிப்பிட்டார். கல்லில் எழுதப்பட்ட அந்த நினைவையும், தெருவிலிருந்து எழும் இந்தக் குரலையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எழும் வினா ஒன்றே: அவையில் பேசும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கிறது?

2. தமிழ் ராப்பின் வரலாற்றுப் பின்புலம்

ஹிப் ஹாப் பண்பாடு 1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, கரீபிய இளைஞர்களின் கொண்டாட்டங்களிலிருந்து உருவானதாக வரலாற்றாசிரியர்கள் கொள்வர். தொடக்கத்தில் ஆடல் அரங்கிற்கான ஒலியாக இருந்த ராப், 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட 'தி மெசேஜ்' பாடலுக்குப் பின் நகர்ப்புற வறுமையைப் பேசும் சமூகப் பனுவலாகவும் நிலைபெற்றது.

தமிழில் ராப் மூன்று வழிகளில் வந்தது எனலாம். முதலாவது திரைப்படம்: 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' சென்னைப் பேச்சுமொழியையும் ராப்பின் ஓட்டத்தையும் இணைத்தது. இரண்டாவது புலம்பெயர் தமிழ்: மலேசியாவின் யோகி பி & நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தமிழ் ராப்பைத் திரைக்கு வெளியே தனித் தொகுப்பாக நிலைநிறுத்தியது. ஈழப் பின்னணி கொண்ட மாயா அருள்பிரகாசத்தின் 'அருளர்' (2005) ஆங்கிலத்தில் அமைந்தும் தமிழ் அரசியல் நினைவை உலக அரங்கிற்குக் கொண்டு சென்றது. மூன்றாவது தமிழ்நாட்டின் தனியிசை இயக்கம்: ஹிப்ஹாப் தமிழா குழுவின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பு இதில் முன்னோடி.

இம்மூன்று வழிகளிலும் சாதி மையப் பொருளாக இடம்பெறவில்லை. அந்த இடத்தைத் தொடங்கிவைத்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்னும் அடையை நினைவூட்டுவது. கானா, பறை, ராக், ராப் ஆகியவை ஒரே மேடையில் கலந்த அக்குழுவில் அறிவு பாடலாசிரியராகவும் ராப் பாடகராகவும் விளங்கினார். 'தெருக்குரல்' அந்த அனுபவத்தின் பின்விளைவு. பலர் கூடிய மேடைக் குரலிலிருந்து இருவர் உருவாக்கிய ஒலிப்பதிவுக் குரலுக்கு வந்த நகர்வு அது.

3. தலைப்பும் அசையும்

'தெருக்குரல்' என்னும் தலைப்பு 'திருக்குறள்' என்னும் பெயரின் ஒலிமாற்றம். திரு, தெரு ஆகிறது. குறள், குரல் ஆகிறது. முதற்சீரின் இகரம் எகரமாகத் திரிந்தும், றகர ளகரங்கள் ரகர லகரங்களாக மாறியும் நிற்கின்றன. யாப்பு நோக்கில் இம்மாற்றம் கவனத்திற்குரியது. 'திருக்குறள்' நிரையசை இரண்டு சேர்ந்த கருவிளம். 'தெருக்குரல்' என்பதும் அதே கருவிளம். பொருள் முற்றிலும் மாறியும் அசையமைப்பு ஓர் இம்மியும் மாறவில்லை. மரபின் அளவுகோலைக் கைவிடாமல் மரபு பேசாத இடத்தைப் பேசுதல் என்னும் தொகுப்பின் அணுகுமுறை தலைப்பிலேயே அடங்கியுள்ளது.

பொருள் நிலையில் இரண்டு இடமாற்றங்கள் நிகழ்கின்றன. 'திரு' என்பது செல்வம், சிறப்பு, தெய்வத்தன்மை ஆகியவற்றைக் குறிக்கும் அடை. அதன் இடத்தில் வருவது எவரும் நடக்கும் 'தெரு'. 'குறள்' என்பது குறுமையால் பெற்ற யாப்புப் பெயர், எழுத்தில் நிலைபெற்றது. அதன் இடத்தில் வரும் 'குரல்' ஒலிக்கும்போது மட்டுமே இருப்பது. ஏட்டிலிருந்து நாவிற்கும், சிறப்பிலிருந்து பொதுமைக்கும் மையம் மாறுகிறது.

ஆனால் 'எவரும் நடக்கும் தெரு' என்பது தமிழ்ச் சூழலில் முழு உண்மையன்று. வைக்கம் போராட்டம் (1924–25) தெருவில் நடக்கும் உரிமைக்காகவே நிகழ்ந்தது. கிராமங்களில் செருப்பணிந்தோ மிதிவண்டியிலோ செல்லக் கூடாத தெருக்கள் இருந்தன என்பது தலித் தன்வரலாறுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகும் செய்தி. எனவே 'தெருக்குரல்' என்பது தெருவில் ஒலிக்கும் குரல் என்பதோடு, தெருவின்மீது உரிமை கோரும் குரல் என்றும் பொருள்படும்.

4. உத்திரமேரூர்: சேரி என்னும் சொல்லின் பயணம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் (பொ.ஆ. 919), 14ஆம் (பொ.ஆ. 921) ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. சதுர்வேதிமங்கலமாகிய அவ்வூரின் சபை, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விதிக்கின்றன. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 1932ஆம் ஆண்டு நூலுக்குப் பின் இவை சோழர் ஆட்சிமுறை ஆய்வில் மையச் சான்றாயின.

இரண்டாம் கல்வெட்டின்படி, குடவோலைக்குப் பெயர் தரப்படுபவர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். 35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்குட்பட்டவராக இருத்தல் வேண்டும். வேதக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். கல்வி மிகுந்தோர்க்கு நிலத் தகுதி அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழந்தனர். முந்திய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவரும் விலக்கப்பட்டனர். ஓலைகள் குடத்திலிடப்பட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்னும் விதியின் நேர்மை இன்றும் போற்றத்தக்கது. அதே கல்வெட்டு, நிலமற்றவர், வேதக் கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், பெண்கள் ஆகியோரைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. அவர்களைக் குறிப்பிடும் தேவையே அதற்கு எழவில்லை. விதிக்கப்பட்ட தகுதிகளின் மறுபக்கத்தில் அவர்கள் சொல்லின்றி நிற்கின்றனர். கல்வெட்டின் மௌனத்தை வாசிப்பதும் கல்வெட்டு வாசிப்பின் பகுதியே.

இங்கு ஒரு சொல் சிறப்பாக ஆராயத்தக்கது. அவ்வூர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. இங்குச் 'சேரி' என்பது சபை உறுப்பினராகிய பிராமணர் வாழ்ந்த பகுதி. 'சேர்ந்து வாழும் இடம்' என்னும் வேர்ப்பொருளிலேயே அச்சொல் வழங்கியது. சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'கம்மாணச்சேரி', 'தீண்டாச்சேரி' எனச் சாதி, தொழில் அடைகளோடு அச்சொல் காணப்படுகிறது. காலப்போக்கில் அடை மறைந்து, 'சேரி' என்பதே ஒதுக்கப்பட்டோர் வாழிடத்தைக் குறிப்பதாயிற்று. ஊரும் சேரியும் எதிர்ச்சொற்களாயின. பின்னர் அரசு ஆவணங்களில் 'காலனி' அதன் இடத்தைப் பிடித்தது. அச்சொல்லும் இழிவுப் பொருளேற்றது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் எனச் சட்டப்பேரவையில் அறிவித்தது இந்நீண்ட சொல்வரலாற்றின் அண்மைக் கட்டமாகும்.

சொல் மாறினும் இடத்தின் எல்லை மாறாமை இவ்வரலாறு உணர்த்தும் செய்தி. 'தெருக்குரல்' என்னும் தலைப்பு 'சேரி' எனவும் 'காலனி' எனவும் கூறாமல் 'தெரு' எனக் கூறுவதன் அழுத்தம் இப்பின்புலத்தில் விளங்குகிறது. ஒதுக்கிய சொல்லை ஏற்று அதைப் பெருமிதமாக மாற்றுதல் ஒரு வழி. ஒதுக்கிய இடத்தைக் கடந்து பொது இடத்தின் பெயரைத் தனதாக்குதல் மற்றொரு வழி. இத்தொகுப்பின் தலைப்பு இரண்டாவதைத் தேர்கிறது.

5. மூன்று பாடல்கள், மூன்று மரபுகள்

5.1 'ஆன்டி இந்தியன்': செம்பொருள் அங்கதம்

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுக்கும். வசையை வெளிப்படக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. வினா எழுப்புவோரை நாட்டுக்கு எதிரானவர் என முத்திரை குத்தும் போக்கை எதிர்கொள்ளும் 'ஆன்டி இந்தியன்' செம்பொருள் அங்கதம் சார்ந்தது. எதிராளி இட்ட பெயரையே பாடலின் பெயராக்கிக்கொள்வது இதன் உத்தி. வசைச்சொல்லை எறிந்தவனிடமிருந்து அது பறிக்கப்பட்டு, வினாவாகத் திருப்பி அனுப்பப்படுகிறது.

எழுத்து நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. னகர மெய்யை அடுத்து டகரம் வருதல் தமிழ் மெய்ம்மயக்க விதிக்குள் அடங்காது. அவ்வெழுத்துக்கூட்டே அச்சொல் வெளியிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் செவியில் அது 'ஆண்டி' என்னும் சொல்லோடு நெருங்கி ஒலிக்கிறது. உடைமையற்ற இந்தியன் என்னும் இரண்டாம் பொருளைத் தமிழ்ச் செவி தவிர்க்க இயலாது. படைப்பாளரின் நோக்கம் எதுவாயினும், தமிழ் ஒலியமைப்பு தரும் இக்கூடுதல் பொருள் பனுவலின் பகுதியாகவே கொள்ளத்தக்கது.

5.2 'கள்ளமௌனி': வசையும் இலக்கணமும்

'மௌனி' என்பது பேசா நோன்பு பூண்டவரைக் குறிக்கும் உயர்சொல். அதன்முன் 'கள்ள' என்னும் அடை சேரும்போது நோன்பு நடிப்பாகிறது. 'கள்ள மௌனம்' என்பது தமிழ் அறிவுலக விவாதங்களில் ஏற்கெனவே வழங்கிய தொடர். அநீதி கண்டும் வசதி கருதிப் பேசாதிருத்தலை அது குறிக்கும். பாடல் அதைப் பண்புப்பெயர் நிலையிலிருந்து ஆள்பெயராக மாற்றுகிறது. மௌனம் எனில் அது யாருடையதும் அன்று. மௌனி எனில் அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர் உண்டு. இலக்கண நிலையில் நிகழும் இச்சிறு மாற்றமே பாடலின் அறவியல் கருத்து. முன் இயலில் கண்ட கல்வெட்டின் மௌனத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விதியில் பெயர் இடம்பெறாமை ஒரு மௌனம். அதைக் காணாமல் கடந்து செல்லும் இன்றைய வாசிப்பு மற்றொரு மௌனம்.

5.3 'ஸ்னோலின்': கையறுநிலை

2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் ஸ்னோலின் என்னும் இளம்பெண். நிகழ்வை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அதற்கு முன்பே இத்தொகுப்பு அவர் பெயரால் ஒரு பாடலை அமைத்துவிட்டது.

புறத்திணை மரபில் கையறுநிலை என்பது தலைவன் இறந்துபடச் சார்ந்தோர் செயலற்று இரங்கும் துறை. பாரியின் மறைவுக்குப் பின் அவன் மகளிரும் கபிலரும் பாடியவை இதன் உச்சங்கள். அங்கே இறந்தவன் புரவலன். பாடுவோர் அவனால் வாழ்ந்தோர். 'ஸ்னோலின்' பாடலில் இறந்தவர் ஆட்சியாளர் அல்லர். போராட்டத்தில் நின்ற எளிய குடும்பத்துப் பெண். பாடுபவர் அவரால் பொருள் பெற்றவரும் அல்லர். துறையின் உணர்வமைப்பு தொடர, அதன் சமூக உறவு தலைகீழாகிறது. இறந்தோரைப் பெயர் சொல்லி நிறுத்தல் நடுகல் மரபின் அடிப்படை. பெயரும் பீடும் எழுதுதல் என்னும் அப்பணியை இங்கு ஒலிப்பதிவு ஏற்கிறது. எண்ணிக்கையாகச் செய்தியில் கரையும் மரணத்திலிருந்து ஒரு பெயரை மீட்டல் இப்பாடலின் முதற்செயல்.

6. வண்ணமும் ராப்பின் ஓட்டமும்

ராப்பைத் தாளத்தோடு பேசுதல் எனச் சுருக்கிக் கூறுவது வழக்கம். உண்மையில் அது நான்கு அடிப்புள்ள தாளச்சுற்றின்மீது அசைகளைப் பங்கிடும் கலை. ஒரே சுற்றில் எட்டு அசைகளும் வைக்கலாம். இருபது அசைகளும் வைக்கலாம். இப்பங்கீட்டின் வேறுபாடே 'ஓட்டம்' எனப்படுகிறது. இதை விளக்கத் தமிழில் கருத்தாக்கம் இல்லாமல் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. அவற்றுள் நான்கு இங்குப் பொருந்துவன.

உருட்டு வண்ணம் குற்றெழுத்துகள் தொடர்ந்து உருண்டோடும் ஓசை. முடுகு வண்ணம் அடியின் எல்லை தெரியாதபடி ஓடும் ஓசை; ராப்பில் சொற்றொடர் தாளச்சுற்றின் எல்லையைத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் பாய்வது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அகைப்பு வண்ணம் அறுத்தறுத்து ஒழுகுவது. இசை நின்று குரல் மட்டும் வெட்டி வெட்டி வரும் இடங்களில் இதைக் கேட்கலாம். எண்ணு வண்ணம் அடுக்கி எண்ணுவது. குற்றச்சாட்டுகளையும் பெயர்களையும் வரிசைப்படுத்தும் சமூக ராப்பின் இயல்பான உத்தி அது.

தொடையிலும் ஓர் இணைவு நிகழ்கிறது. ஆங்கில ராப் இறுதி ஒலியொப்பை, அதாவது இயைபை, முதன்மையாகக் கொள்ளும். தமிழ்ச் செய்யுள் எதுகை மோனைகளை முதன்மையாகக் கொள்ளும். தமிழ் ராப் இரண்டையும் ஏற்பதால் அடியின் தொடக்கமும் முடிவும் ஒருங்கே அழுத்தம் பெறுகின்றன. இரட்டித்த வல்லினம் மத்தளத்தின் அடியைப் போல் செயற்படுகிறது. பேச்சுமொழியில் ஈற்றுயிர் குறுகுவதும் இடையெழுத்து கெடுவதும் விரைவுக்கு உதவுகின்றன. எழுத்துமொழி ஓலையில் நிற்கும். பேச்சுமொழி தாளத்தில் ஓடும்.

இவ்வொப்பீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. ராப் பாடகர் செய்யுளியல் கற்று வண்ணம் அமைத்தார் என்பது இங்குக் கூறப்படவில்லை. ஒரு மொழியின் ஒலியமைப்பு தரும் வாய்ப்புகளைப் பழைய இலக்கணி ஒருவர் வகைப்படுத்தினார். புதிய கலைஞர் அதே வாய்ப்புகளைத் தம் செவியால் கண்டடைகிறார். இருவருக்கும் பொதுவானது தமிழின் ஒலியே.

7. கட்டியங்காரனும் ராப் பாடகரும்

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு வட்டாரங்கள் தெருக்கூத்தின் வளமான நிலம். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் இரவெல்லாம் கூத்து நிகழும். அக்கூத்தில் கட்டியங்காரன் வேடதாரிகளை அறிமுகம் செய்வான், கதையை விளக்குவான், அரசனையே கேலி செய்வான், நிகழ்காலச் செய்திகளை இதிகாசத்திற்குள் நுழைப்பான். கட்டியம் என்பது அரசரைப் புகழ்ந்து வரவறிவிக்கும் சொல்; கூத்தில் அதே பெயர் பூண்டவன் புகழ்ச்சியைத் தலைகீழாக்குகிறான்.

ராப் பாடகரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'எம்.சி.' என்பதும் 'நிகழ்ச்சி நடத்துநர்' என்னும் பொருளுடையதே. பிராங்க்ஸ் கொண்டாட்டங்களில் ஆடுவோரை அறிவித்து உற்சாகப்படுத்தியவரே படிப்படியாகப் பனுவலின் மையமானார். அறிவிப்பாளன் விமர்சகனாக மாறும் இவ்வமைப்பு இரு பண்பாடுகளிலும் தனித்தனியே தோன்றியுள்ளது. வேறுபாடு ஒன்று முக்கியமானது. கட்டியங்காரனின் கேலிக்கு விழாவின் அனுமதி உண்டு. விடிந்ததும் ஊரின் ஒழுங்கு மீள்கிறது. ஒலிப்பதிவுக்கு விடியல் இல்லை. அது மீண்டும் மீண்டும் கேட்கப்படும். கேட்கும் இடத்தை ஊர் தீர்மானிக்க இயலாது. 1990களில் அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தையும் பாட்டையும் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. கைப்பேசியில் ஒலிக்கும் ராப் அதே தெருக்களை வேறு வழியில் அடைகிறது.

8. நிலம், கூட்டுப் படைப்பு, பெயர்

உத்திரமேரூர் விதியில் பேசும் தகுதி நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அப்பிணைப்பு இப்பகுதியில் தொடர்ந்த ஒன்று. பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, பறையர் சமூகத்தின் நிலமின்மையே அவர்தம் அடிமை நிலைக்கு அடிப்படை என எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892 அரசாணை வழி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒப்படைக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் பலியாயினர்.

'தெருக்குரல்' தெருவில் தொடங்கிய வினா அறிவின் அடுத்த கட்டப் படைப்புகளில் நிலத்தை வந்தடைகிறது. 2021இல் தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் ஆகியோர் பங்கேற்ற 'என்ஜாய் எஞ்சாமி' நிலமற்ற மூதாதையரின் நினைவைப் பேசியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அதன் ஊற்றாக அறிவு கூறியுள்ளார். 2024இல் வெளிவந்த 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பு அப்பெயரையே தலைப்பாக்கியது.

அப்பாடலின் வரவேற்பு மற்றொரு சிக்கலையும் வெளிப்படுத்தியது. 2021 ஆகஸ்டில் ஓர் இசையிதழின் முகப்பில் அதன் பங்கேற்பாளருள் ஒருவரான பாடகி இடம்பெற, சொல்லுக்குரியவராகிய அறிவு இடம்பெறவில்லை. பொதுவெளியில் எதிர்ப்பு எழுந்தபின் அவ்விதழ் அறிவைத் தனி முகப்பில் வெளியிட்டது. கூட்டுப் படைப்பில் யாருடைய பெயர் முன்னிற்கும் என்னும் வினா சந்தை சார்ந்தது மட்டுமன்று. நாட்டார் பாடலைப் பெயரற்றதாகத் தொகுத்த நம் ஆய்வு மரபும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டது. பறையும் ஒப்பாரியும் குலவையும் 'மக்கள் கலை' எனப் பொதுவில் வைக்கப்படும்போது, அவற்றைக் காத்த குறிப்பிட்ட மக்களின் பெயர் மறைகிறது. இருவர் பெயரையும் இணையாகத் தாங்கி வந்த 'தெருக்குரல்' இவ்வகையில் ஒரு நல்ல முன்மாதிரி.

9. முடிவுரை

இவ்வாய்வின் கண்டறிதல்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, 'தெருக்குரல்' அங்கதம், கையறுநிலை, வண்ணம் ஆகிய மரபுக் கருத்தாக்கங்களால் பயனுற வாசிக்கத்தக்க பனுவல். ஆயினும் அம்மரபுகளின் சமூக உறவுகளை அது மாற்றியமைக்கிறது. புரவலனுக்குரிய இரங்கல் எளியவர்க்கு உரியதாவதும், உயர்சொல்லாகிய மௌனி வசையாவதும் இதற்குச் சான்றுகள். இரண்டாவது, தலைப்பின் 'தெரு' என்னும் தேர்வு, உத்திரமேரூரில் பொதுச்சொல்லாக இருந்து இழிவேற்ற 'சேரி' என்னும் சொல்லின் ஆயிரமாண்டுப் பயணத்தின் பின்புலத்தில் முழுப்பொருள் பெறுகிறது. மூன்றாவது, ராப் வடிவம் வெளியிலிருந்து வந்ததாயினும், அது தமிழில் செயற்படும் விதம் தமிழின் அசை, தொடை, கூத்து மரபு ஆகியவற்றால் வடிவம் பெறுகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமிதத்தோடு நினைவுகூர்தல் தவறன்று. கணக்குக் காட்டாதவருக்கு அவையில் இடமில்லை என்னும் அதன் விதியை அந்த நினைவுக்கும் பொருத்துதல் வேண்டும். குடத்திற்குள் ஓலை இடப்படாதோரின் கணக்கு இன்னும் காட்டப்படவில்லை. அக்கணக்கைக் கேட்கும் குரல்களுள் ஒன்றாக 'தெருக்குரல்' அமைகிறது. அதைப் பாடத்திட்டத்திலும் ஆய்வரங்கிலும் பனுவலாக ஏற்பது, தமிழாய்வு தன் சொந்த அவையின் தகுதி விதிகளை மறுவாசிப்புச் செய்வதற்கான தொடக்கமாகும். உத்திரமேரூர் வட்டாரக் கூத்துக் கலைஞர், பறைக் கலைஞர் ஆகியோரின் வாய்மொழி வழக்காறுகளை இளம் ராப் பாடகர்களின் பனுவல்களோடு ஒப்பிட்டுக் களஆய்வு செய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணி.